அம்மாவின் கோல் வரும்வரை

இந்த இதழில் இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். இரண்டுமே போனில் விளையாடும் பிள்ளைகளைப் பற்றியவை. முதலாவதற்குப் பதில் சின்னது. இரண்டாவதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

டீச்சர், என் மகன் தரம் 8. பின்னேரம் ஒரு மணித்தியாலம் போனில் கார் ஓட்டும் கேம் விளையாடுவான். வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருகிறான். பக்கத்து வீட்டுப் பையன் கேம் விளையாடியே எல்லாப் பாடத்திலும் விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதில் இருந்து எனக்குப் பயம். இப்போதே நிறுத்திவிடட்டுமா?
— ஒரு தகப்பன், ராகலை

நிறுத்த வேண்டாம். நேரத்துக்குத் தூங்குகிறான், படிக்கிறான், நீங்கள் போதும் என்றால் கீழே வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஒரு மணித்தியாலம் அவனுடைய ஓய்வு நேரம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தவறுக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தண்டித்தால், நாளைக்கு உண்மையாகவே ஒரு பிரச்சினை வரும்போது உங்களிடம் சொல்ல மாட்டான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த ரோட்டில் ஓட்டுகிறாய் என்று கேளுங்கள். அது போதும்.

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். நான் மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 39. கல்யாணம் கட்டவில்லை. அண்ணன் மகன் தரம் 9 படிக்கிறான். அண்ணி குவைத்துக்குப் போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. அண்ணன் கொழும்பில் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வீட்டில் நானும் எங்கள் அம்மாவும் பையனும்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் அண்ணி காசு அனுப்பி அவனுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது இந்த ஃப்ரீ ஃபயர் கேம். முதலாம் தவணையில் கணக்குக்கு 71, விஞ்ஞானத்துக்கு 64. இரண்டாம் தவணையில் கணக்கு 37, விஞ்ஞானம் 40. வகுப்பில் தூங்குகிறான் என்று சேர் கூப்பிட்டுச் சொன்னார். ரீலோட் கடையில் கேமுக்குள் செலவழிக்கும் டைமண்ட் போட்டு 5,400 ரூபா கடன். எனக்கு அது மூன்று, நாலு பேர்ச் சம்பளம், அதாவது மூன்று, நாலு நாள் கூலி. கேட்டால் பொய் சொல்கிறான். போனை ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் சோறு தின்னவில்லை. "அம்மா கோல் எடுத்தா நான் எப்படிப் பேசுறது" என்று அழுதான். மனசு கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்ணி வேலை முடிந்து அந்த ஊர் நேரம் பத்தரை, பதினொன்றுக்குத்தான் எடுப்பார். அதுவும் எல்லா நாளும் இல்லை. போன கிழமை அவனை அடித்துவிட்டேன். அன்றைக்கு மலையில் எனக்குக் கை ஓடவில்லை. அண்ணன் போனை உடைத்துப் போடச் சொல்கிறார். அண்ணி பிள்ளையை ஏசாதே என்கிறார். நான் தரம் 7 வரைதான் படித்தேன். பெறாத பிள்ளையை எவ்வளவு தூரம் கண்டிக்கலாம்?
— ஓர் அத்தை, மஸ்கெலியா

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாம் தடவைதான் ஒரு வரியில் நின்றேன். அண்ணி கோல் எடுக்கும் நேரம்.

குவைத் நேரத்துக்கும் நம்முடைய இலங்கை நேரத்துக்கும் இரண்டரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கே பத்தரை என்றால் இங்கே இரவு ஒரு மணி. பதினொன்று என்றால் ஒன்றரை. அதுவும் எல்லா நாளும் வராது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் மருமகன் ஒவ்வொரு இரவும் வருமா வராதா என்று தெரியாத ஒரு கோலுக்காக முழித்திருக்கிறான். பதினாலு வயதுப் பிள்ளை இருட்டில் போர்வைக்குள் மூன்று, நாலு மணித்தியாலம் சும்மா காத்திருப்பானா? கையில் போன் இருக்கிறது. அதில் விளையாட்டு இருக்கிறது. கூட விளையாடக் கூட்டாளிகளும் முழித்திருக்கிறார்கள்.

விளையாட்டால் தூக்கம் கெட்டது என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அம்மாவுக்காக முழித்திருந்ததும் விளையாட்டை வளர்த்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நான் சொல்வது சரியா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள். அவசரப்படாமல், அடுப்படியில் ரொட்டி சுடும்போது கேளுங்கள். "அம்மா எடுக்காத நாளில் எத்தனை மணி வரைக்கும் பார்த்துக்கிட்டு இருப்பே?" இந்த ஒரு கேள்வி போதும்.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 33 வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்தேன். ஆரம்ப வருடங்களில் என் தரம் 10 வகுப்பில் ஒரு பையன் முதலாம் பாடத்திலேயே மேசையில் தலையை வைத்துத் தூங்குவான். நான் முழங்காலில் நிற்க வைத்தேன், ஒரு நாள் இல்லை, பல நாள். பிறகு ஒரு தவணை லீவில் அவன் வீட்டுச் சாவுக்குப் போனேன். அம்மா பல மாதமாகப் படுக்கையில் இருந்திருக்கிறார். இரவில் அவருக்குச் சுடுதண்ணீர் வைப்பதும், திருப்பிப் படுக்க வைப்பதும் அவன்தான். அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் டீச்சர் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கமே கிடையாது. நான் கேட்காமலே போய்விட்டேன். அது இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் அடித்ததற்கு அவனிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். "போனுக்காக ஏசினது சரி, அடிச்சது பிழை" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் மதிப்பு ஒன்றும் குறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஆம் ஆண்டு கொரோனாவில் பாடசாலைகளை மூடியபோது, எப்படியாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சியவர்களில் நானும் ஒருத்தி. வட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினேன். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டு மலையில் ஏறி நின்றார்கள். அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் போன் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். போனை வாங்கச் சொன்னோமே தவிர, வீட்டுக்குள் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் நடப்பதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தூக்கத்தில் இருந்து. புள்ளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலத் தூக்கம் வேண்டும். உங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு எழுப்புவீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரைக்குப் படுப்பவனுக்கு நாலு மணித்தியாலம்தான் கிடைக்கிறது. எந்த வாத்தியார் வந்து படிப்பித்தாலும் அந்த மூளையில் ஏறாது. எரிச்சல், பொய், சாப்பாட்டில் வீம்பு எல்லாம் தூக்கமில்லாத பிள்ளையிடம் கூடத்தான் செய்யும்.

தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் அண்ணியோடு பேச வேண்டும். அவர் இரவில் எடுக்கும் கோலை வேறு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அங்கே பின்னேரம் மூன்றரை என்றால் இங்கே ஆறு மணி. மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து பல வீடுகளில் கொஞ்சம் அடங்கும் நேரம் அது. பத்து நிமிடம் கிடைத்தாலும் நல்லது. தினமும் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், செவ்வாயும் வெள்ளியும் என்பது போல. பிள்ளைக்குக் கோல் எத்தனை தடவை வருகிறது என்பதைவிட, எந்த நாளில் வரும் என்று நிச்சயமாகத் தெரிவதுதான் முக்கியம். தெரிந்துவிட்டால் மற்ற இரவுகளில் காத்திருக்க மாட்டான்.

குவைத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்கென்றே 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை என்பது நம் பெண்கள் போய் வந்து சொல்லித் தெரியும். ஆனாலும் அண்ணிக்கு இது தெரிந்திருக்கட்டும். ஓய்வு நாளே கொடுக்கவில்லை, போனே எடுக்க விடுவதில்லை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அண்ணன் பேசலாம்.

இரவில்தான் முடியும் என்றால் அதற்கும் வழி உண்டு. பையன் பின்னேரம் வட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜ் போடட்டும். அன்றைக்கு என்ன நடந்தது, அப்பாயி என்ன சமைத்தார், யார் வீட்டில் நாய் குட்டி போட்டது என்று ஐந்து நிமிடம். அண்ணி வேலை முடித்துப் படுக்கும்போது அதைக் கேட்டுவிட்டு, பதிலைப் பதிந்து அனுப்பட்டும். காலையில் எழுந்ததும் அவன் கேட்கலாம். அம்மாவின் குரலில் நாள் தொடங்குவது எவ்வளவு நல்லது! அது எழும்பவும் உதவும். அந்தக் குரலை மட்டும் தண்டனையாகப் பறித்துவிடாதீர்கள். என்ன குற்றம் செய்திருந்தாலும் அம்மாவோடு பேசுவது வேறு, விளையாட்டு வேறு. நீங்கள் போனை ஒளித்தபோது அவனுக்கு இரண்டும் சேர்ந்தே போய்விட்டது. அவன் அழுததை நடிப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். அண்ணனிடம் சொல்லுங்கள், அந்தப் போனை உடைத்தால் உடைவது விளையாட்டு மட்டும் இல்லை.

இரவு ஒன்பதரைக்குப் போன் உங்கள் தலைமாட்டில் சார்ஜில் இருக்கட்டும். பட்டணத்து டொக்டர்மார் "பிள்ளையின் அறையில் போன் இருக்கக் கூடாது" என்று எழுதுகிறார்கள். லயத்துக் காம்பராவில் பிள்ளைக்கு ஏது தனி அறை? அதனால் இடத்தை நம்பாமல் ஆளை நம்புங்கள். அண்ணி அவசரத்துக்கு எடுத்தால் நீங்கள் எழுப்பிக் கொடுப்பதாக அவனுக்கு வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கை ஒரு தடவைகூட மீறாதீர்கள். முதல் ஒரு கிழமை மல்லுக்கட்டுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த விளையாட்டைப் பற்றி. எதிர்ப்பதற்கு முன்னால் அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக, கொட்டகலையில் என் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். 2017 இல் வந்த விளையாட்டு. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐம்பது பேர் விமானத்தில் இருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். நிற்கக்கூடிய இடம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியாக மிஞ்சுகிறவருக்கு வெற்றி. ஒரு ரவுண்டு பத்து நிமிடம் அளவில் முடிந்துவிடுகிறது. நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்குவாடாகவும் ஆடலாம். அந்தப் பையன் காதில் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, பாடசாலையில் வாயே திறக்காதவன், "நீ இடது பக்கம் போ, நான் பார்த்துக்கிறேன்" என்று மூன்று பேருக்குக் கட்டளை போட்டான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனுக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, நேரத்தை நிமிடத்தில் சொல்லாதீர்கள், ரவுண்டில் சொல்லுங்கள். "அரை மணித்தியாலம்" என்று சொல்லிவிட்டு நடுவில் பறித்தால் மற்ற மூன்று பேரையும் அவன் கைவிட்டது போல் ஆகும், அங்கேதான் சண்டை வரும். "மூன்று ரவுண்டு, மூன்றாவது முடிந்ததும் போன் என் கையில்" என்றால் அவனுக்கும் அது நியாயமாகப் படும். கிழமை நாட்களில் மூன்று, சனி ஞாயிறில் ஆறு என்று வைக்கலாம். பரீட்சைக்கு முந்திய மூன்று கிழமை மட்டும் சனி ஞாயிறில் மாத்திரம் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு கொப்பித் தாளில் அவன் கையாலேயே எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அப்பாயியும் கையெழுத்துப் போடட்டும், பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தானே.

இரண்டாவது, அந்த மற்ற மூன்று பேர் யார் என்று விசாரியுங்கள். அநேகமாக உங்கள் தோட்டத்துப் பையன்களாகவோ வகுப்புப் பையன்களாகவோ இருப்பார்கள். அவர்களின் அம்மாமாரை நீங்கள் தினமும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பார்ப்பீர்கள். அவர்களுக்கும் இதே கவலை இருக்கும். நாலு வீட்டிலும் ஆறரையிலிருந்து ஏழு மணி வரை விளையாட்டு, ஒன்பதரைக்குப் போன் பெரியவர்கள் கையில் என்று ஒரே முடிவு எடுத்தால் பாதிச் சண்டை போய்விடும். "அவங்க எல்லாம் விளையாடுறாங்க, நான் மட்டும் இல்லை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. ஒரு வீடு தனியாகப் போராடுவதுதான் கஷ்டம். தெரியாத ஆட்களோடு பேச்சுச் சேர்ந்திருக்கிறதா என்றும் மெதுவாகக் கேளுங்கள். படம் கேட்பவர், காசு கேட்பவர், தனியாகப் பேசக் கூப்பிடுபவர் யாரானாலும் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும், சொன்னால் ஏச மாட்டேன் என்று உறுதி கொடுங்கள்.

பாடசாலை விட்டு வந்த பின்பு நீங்கள் மலையில் இருந்து திரும்பும்வரை இருக்கும் மூன்று மணித்தியாலத்துக்குப் போன் வேண்டாம். அப்பாயியின் பெட்டிக்குள் இருக்கட்டும். வகுப்பு வட்ஸ்அப்பில் வரும் நோட்ஸை நீங்கள் வந்த பிறகு பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். நோட்ஸ் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனோடு உட்காரும் வழியும் அதனால் அடைபடும். மழை இல்லாத நாளில், காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் கிரிக்கெட் விளையாடப் போகட்டும், தடுக்காதீர்கள். நிறையப் பேர் பிள்ளையின் புள்ளி குறைந்ததும் முதலில் நிறுத்துவது வெளி விளையாட்டைத்தான். அது பெரிய பிழை.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணனிடம் அவனே போனில் உண்மையைச் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அந்த டைமண்டில் வாங்குவது பெரும்பாலும் உடுப்பும் துவக்குக்கு வண்ணமும்தான், வேண்டுமென்றே கண்ணைப் பறிக்கும்படி செய்திருக்கிறார்கள், பெரியவர்களே ஏமாறுகிறார்கள். கடைக்காரரிடம் நேரில் போய், இனி இந்தப் பிள்ளைக்குக் கடன் கொடுத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். இப்போதுள்ள கடனை அவன் கைக்காசில் இருந்து மாதம் கொஞ்சமாகக் கழிக்கட்டும், மிச்சத்தை அண்ணன் கட்டட்டும். அதற்காக அவனைச் சனி ஞாயிறில் கூலி வேலைக்கு அனுப்ப வேண்டாம். அப்படிப் போன பிள்ளைகள் காசு ருசி கண்டு படிப்பையே விட்டதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். கொழும்பில் இருந்தபடியே தன் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் என்ற செயலியைப் போட்டு, மகனின் போனோடு இணைத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்கு மட்டும் நேரம் குறிக்கலாம், வட்ஸ்அப் திறந்தே இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை வரும் தகப்பன் பிள்ளையின் நாளில் தினமும் இருப்பதற்கு இது ஒரு வழி. ஆனால் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டாம். அடுத்த தடவை வரும்போது மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடட்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இது என் பாடம், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

71 இல் இருந்து 37 க்கு இறங்கியதற்கு விளையாட்டை மட்டும் காரணம் சொல்லிவிட்டால் ஒரு ஆபத்து இருக்கிறது. விளையாட்டை நிறுத்தியதும் புள்ளி தானாக ஏறும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஏறாது. தூங்கித் தூங்கி விட்ட பாடங்கள் விட்டதுதான். தரம் 9 கணக்கில் ஒன்று மற்றொன்றின் தோளில் நிற்கும். பின்னம் ஆடினால் அட்சரகணிதம் ஆடும். அட்சரகணிதக் கோவைகளின் காரணி வராவிட்டால் அடுத்த வருடச் சமன்பாடு வராது. வகுப்பில் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தூக்கம் இன்னும் கூடுதலாக வரும். அவன் போனில் தோற்றால் பத்து நிமிடத்தில் இன்னொரு ரவுண்டு கிடைக்கிறது. கணக்கில் தோற்றால் அடுத்த தவணை வரைக்கும் சிவப்பு மைதான். எங்கே போக அவனுக்கு மனசு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் தரம் 7 வரைதான் படித்தேன் என்கிறீர்கள். போதும். இன்றைக்குப் பின்னேரம் ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்: இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் எவ்வளவு? ஆறில் ஐந்து என்று எழுதினால் அடித்தளம் இருக்கிறது. ஐந்தில் இரண்டு என்று எழுதினால், மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறான். அப்படியானால் தரம் 7, 8 புத்தகங்களில் இருந்து தொடங்க வேண்டும். பழைய பாடப்புத்தகம் தோட்டத்தில் யார் வீட்டிலாவது இருக்கும். இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, அந்த டச் போன் அதற்கும் உதவட்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு. ஐந்துக்கு மேல் வேண்டாம். அவன் செய்து முடித்ததும் ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டால் "ஏன்?" என்று கேளுங்கள். நீங்கள் சும்மா கேட்கும் அந்த "ஏன்" எந்த டியூஷன் வகுப்பிலும் கிடைக்காதது. தட்டுத் தடுமாறி உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அவனுக்கே அது விளங்கும். ஐந்து கணக்கு முடிந்த பிறகு மூன்று ரவுண்டு. அந்த ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள். மூன்றாம் தவணையில் 71 ஐ எதிர்பார்க்க வேண்டாம். 50 வந்தால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அது திறமைச் சித்தி, நல்லபடியாக ஏறிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். வகுப்பு சேரையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அம்மா குவைத்தில் என்பதும் இரவுக் கோல் விஷயமும் அவருக்குத் தெரியட்டும். எனக்கு ஒரு காலத்தில் தெரியாமல் போனது அவருக்குத் தெரியாமல் போகக் கூடாது.

இது நோயா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லிப் பயமுறுத்துவார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று 2022 ஜனவரியில் இருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கட்டுப்பாட்டை இழப்பதும் இருக்கிறது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு வருவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். உங்கள் பிள்ளை இன்னும் பாடசாலைக்குப் போகிறான், அம்மாவைத் தேடுகிறான். இப்போதே அந்தப் பெயரை அவன் தலையில் வைக்காதீர்கள். ஆனால் பாடசாலைக்கே போக மறுத்தாலோ, நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தாலோ, செத்துப் போவேன் என்று ஒரு தடவை சொன்னாலோ, மிரட்டுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது. இரண்டிலும் பேசலாம். பக்கத்தில் உள்ள ஆதார வைத்தியசாலையிலும் கேளுங்கள்.

கடைசியாக, பெறாத பிள்ளையை எவ்வளவு தூரம் கண்டிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விடியக்காலையில் எழுப்பிவிட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, சோறு கட்டிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறவர் நீங்கள். அந்த உரிமையை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று ஊரில் இருந்து மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் பிள்ளை இடுக்கில் புகுந்துகொள்வான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் அண்ணியையும் ஒரே கோலில் எடுங்கள். முதலில் பையன் இல்லாமல் மூன்று பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அப்புறம் அவனைக் கூப்பிட்டு, அதை அண்ணியின் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். "அத்தை சொல்றதுதான் நான் சொல்றது" என்று ஒரு வரி அவர் சொல்லிவிட்டால் உங்கள் பாரம் பாதி குறையும்.

இதை வாசித்த பிறகு பக்கத்தை அவனிடமும் கொடுங்கள். கீழே இருப்பது அவனுக்கு.

தம்பி, அத்தைக்கு உன்மேல் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம், கடிதத்தில் அது தெரிந்தது. முதலாம் தவணையில் 71 எடுத்தவன் நீ, பார்த்து எழுதி எடுத்த புள்ளி இல்லை அது. இரண்டாம் தவணைக் கணக்கு விடைத்தாளை ஒரு கவரில் போட்டு, எனக்கு என்று எழுதி, அத்தை கடிதம் அனுப்பிய இந்தப் பத்திரிகை முகவரிக்கே அனுப்பு. எந்தக் கணக்கில் முதலில் பேனா நின்றதோ, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வை. அதை வரி வரியாகச் செய்து உன் பெயருக்கே திருப்பி அனுப்புகிறேன்.